நோன்பு நேரத்தில் கூட்டம் வேண்டாமே

ஆசிரியருக்கு,

ரமலான் நோன்புக் கஞ்சிக்காகப் பள்ளிவாசல்களுக்குப் பச்சரிசி வழங்கும் தமிழக அரசின் அறிவிப்பைத் தங்கள் நாளிதழில் படித்தேன். நல்ல வழக்கம், தொடர வேண்டும். அரிசி தருவது அரசின் பங்கு என்றால், நேரத்தை விட்டுக்கொடுப்பது அக்கம்பக்கத்தில் வாழும் நம் பங்கு. விடியுமுன் சஹர் சாப்பிட்டால், அப்புறம் சூரியன் மறைந்ததும் மஃரிப் தொழுகைக்கான பாங்கு ஒலிக்கும்வரை ஒரு வாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. மார்ச் மாதத்தில் சென்னையில் அது மாலை ஆறேகால் மணி அளவில் ஒலிக்கிறது. நம் சங்கக் கூட்டங்களையும் அலுவலகக் கூட்டங்களையும் பெரும்பாலும் அந்த நேரத்தில்தான் வைக்கிறோம்.

எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பிலும் மாதக் கூட்டம் மாலை ஆறு மணிக்குத்தான் இருந்தது. ரமலானில் முஸ்லிம் குடும்பங்கள் வர முடியவில்லை என்று எட்டு மணிக்கு மாற்றினார்கள். அது ரமலான் இரவுகளில் தொழும் தராவீஹ் தொழுகை நேரம். அதனால் அப்போதும் அவர்கள் வரவில்லை. அவர்களையே கேட்டபோது ஞாயிறு காலை பத்து மணி போதும் என்றார்கள். இப்போது எல்லோரும் வருகிறார்கள். கேட்காமல் காட்டும் அக்கறை பாதிதான் பயன்படும். ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னே வருவதால், ஒருமுறை கேட்டுவிட்டு விட்டுவிடவும் முடியாது. குடியிருப்புச் சங்கங்களும் அலுவலகங்களும் பள்ளிகளும் பிறை தெரிவதற்கு முந்தைய வாரமே நோன்பாளிகளைக் கேட்டு, அந்த மாதத்து நேர அட்டவணையை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும்.