பாப்பரசருக்கு அதிகாரம் உண்டா என்று கேட்ட மகனுக்கு

திருகோணமலை

அன்பு மகன்,

நீ அனுப்பிய குரல்பதிவை அம்மாவும் நானும் முழுவதும் கேட்டோம். திருச்சபை காலங்காலமாக அனுமதித்துவந்த மரண தண்டனையை 2018 இல் பாப்பரசர் பிரான்சிஸ் ஒரே பந்தியில் மறுத்துவிட்டார், அவருக்கு அந்த அதிகாரம் இல்லை, இப்போதிருக்கும் பாப்பரசர் லியோவும் அதைத் திருத்தப் போவதில்லை என்கிறாய். அதனால் பூசையில் பாப்பரசரின் பெயரையே சொல்லாத ஒரு சிற்றாலயத்துக்கு இனிப் போகப்போவதாகவும் சொன்னாய். அம்மா செபமாலையோடு எழுந்து போய்விட்டார். எனக்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

நீ இலத்தீன் பூசையை விரும்புவதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. சிறுவயதில் பீடத்தடியில் முழந்தாளிட்டு "எத் கும் ஸ்பிரித்து தூவோ" என்று மறுமொழி சொன்னவன் நான். என்னைத் தூங்கவிடாதது, பாப்பரசரோடு ஒன்றித்து நிற்கிறோம் என்று காட்டும் அந்தப் பெயர் விடுபடுவதுதான்.

வழுவாவரம், அதாவது விசுவாசத்தை வரையறுக்கும்போது பாப்பரசர் தவறமாட்டார் என்ற வரம், அவருடைய எல்லாப் போதனைக்கும் பொருந்தாது என்று நீ சொன்னது சரி. 1870 ஜூலை 18 இல் ஆயர்களின் பொதுச் சங்கமான முதலாம் வத்திக்கான் சங்கம் அதை வரையறுத்தபோதே எல்லையும் வகுத்துவிட்டது. அதன் பிறகு ஒரு பாப்பரசர் அந்த வரத்தைக் கொண்டு முறைப்படி அறிவித்ததாக எல்லாரும் ஒத்துக்கொள்வது ஒரே தடவைதான்: 1950 இல் பன்னிரண்டாம் பத்திநாதர் அன்னை மரியாளின் விண்ணேற்பை அறிவித்தது. திருச்சபையின் போதனைத் தொகுப்பான மறைக்கல்வி ஏட்டில் மரண தண்டனையை மறுக்கும் 2267 ஆம் பந்தி அந்த வகையைச் சேராது. ஆனால் அந்த வகையைச் சேராததெல்லாம் தள்ளத் தக்கது என்றால், பதின்மூன்றாம் லியோ 1891 இல் தொழிலாளியின் நியாயமான கூலிக்காக எழுதிய சுற்றுமடலையும் தள்ள வேண்டும். 1893 இல் நமது திருகோணமலை மறைமாவட்டத்தை உருவாக்கியவரும் அவர்தான். 2025 மே மாதம் தெரிவான பாப்பரசர் லியோ என்ற பெயரை எடுத்ததற்கு அந்தச் சுற்றுமடலையே முக்கிய காரணமாகச் சொன்னார். வழுவாவரத்தோடு சொல்லப்படாத போதனைக்கும் மனத்தாலும் அறிவாலும் இசைந்து நிற்கும்படி இரண்டாம் வத்திக்கான் சங்கம் கேட்கிறது. கேட்டது உடனே மனத்துக்குள் இறங்காமல் போகலாம். அதற்காக வாசலைத் தாண்டிப் போய்விடுவதா?

இன்னொன்றையும் கவனித்தாயா? 1968 இல் ஆறாம் பவுல் செயற்கைக் கருத்தடையை மறுத்து எழுதியபோது ஒரு சாரார் "மனச்சாட்சி" என்றார்கள். மறுசாரார் "பாப்பரசர் பேசிவிட்டார், பேச்சு முடிந்தது" என்றார்கள். 2018 இல் இரு சாராரில் பலரும் இடம் மாறி நின்றார்கள். தனக்கு உவப்பானதைச் சொல்லும்போது மட்டும் பாப்பரசருக்கு அதிகாரம் இருக்கிறது என்பவன், அந்த அதிகாரத்தை ஒருநாளும் ஏற்றுக்கொண்டவன் அல்ல. இதை உனக்கு மட்டும் சொல்லவில்லை. இங்கே "எல்லாம் மாறும், எல்லாம் மாறட்டும்" என்று பேசுபவர்களிடமும் சொல்கிறேன்.

எதுவும் மாறக் கூடாது என்கிறாய். நமது ஊர்க் கோட்டை வாசலுக்கு உன்னைச் சிறுபிள்ளையில் கூட்டிப் போயிருக்கிறேன். நீ மான்களைப் பார்த்தபடி நின்றுவிட்டாய். அந்த வாசல் நிலைக் கல்லில் தேய்ந்த தமிழ் எழுத்துகள் இருக்கின்றன, கூடவே செதுக்கிய இரட்டைக் கயல். பழைய மன்னன் குளக்கோட்டன் செய்த திருப்பணியைப் பறங்கி பிரிப்பான் என்று சொல்வதாக வாசிக்கப்படும் கல் அது. 1622 இல் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை எழுப்பினார்கள். இடித்தவர்களும் பூசை கண்டவர்கள்தான். அவர்களுடைய அரசவையின் கையில் 1452 இல் ஐந்தாம் நிக்கலஸ் கொடுத்த ஆணைமடல் இருந்தது: கிறிஸ்தவர் அல்லாதாரின் நாடுகளைப் பிடிக்கலாம், அவர்களை நிரந்தர அடிமைகளாக்கலாம் என்று. 1839 இல் பதினாறாம் கிரகோரி அடிமை வியாபாரத்தைக் கண்டித்தார். 1965 இல் சமய சுதந்திரம் மனித மாண்பிலிருந்தே பிறக்கும் உரிமை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. 2023 மார்ச்சில் வத்திக்கான், அந்தப் பழைய மடல்கள் மக்களின் சமமான மாண்பைப் போதியளவு வெளிப்படுத்தவில்லை என்றும், அவை கத்தோலிக்க விசுவாசத்தின் வெளிப்பாடாக ஒருபோதும் கருதப்பட்டதில்லை என்றும் எழுதியது. கோணேசர் நகர்வலம் வரும் நாளில் பக்கத்து வீட்டார் நிறைகுடத்துக்கு நமது முற்றத்து மாவிலையைத்தான் பறித்துப் போகிறார்கள். அவர்கள் முகத்தைப் பார்த்து 1452 ஐ நியாயப்படுத்தச் சொல்கிறாயா? என்னால் முடியாது, மகன்.

மரண தண்டனைக்கு வருகிறேன். கொச்சிக்கடையிலும் கட்டுவாப்பிட்டியிலும் 2019 ஈஸ்டர் பூசையில் இருந்தவர்களைக் குண்டு வைத்துக் கொன்றவர்களுக்குப் பின்னால் நின்றவர்களுக்குத் தூக்கு வேண்டாமா என்று கேட்டாய். உன் கோபம் எனக்குப் புரியும். 2006 சனவரி 2 அன்று நமது கடற்கரையில் ஐந்து மாணவர்கள் கொல்லப்பட்டார்கள். 2019 இல் அந்த வழக்கில் குற்றம்சாட்டப்பட்டவர்கள் விடுதலையானார்கள். இந்த ஊரில் இருப்பவனுக்கு அந்தக் கோபத்தை யாரும் கற்றுத்தரத் தேவையில்லை. ஆனால் இந்த நாட்டில் தூக்குக் கயிறு யாருடைய கழுத்தைத் தேடி வரும் என்று யோசித்துப் பார். 1979 இன் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, பொலிஸ் உயரதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே நீதிமன்றில் சாட்சியாக ஏற்கப்படும். அடித்து, வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய தாளில் கையொப்பம் வாங்கினார்கள் என்று எத்தனை தாய்மார் சொல்லியிருக்கிறார்கள்! 1976 க்குப் பிறகு இங்கே யாரும் தூக்கிலிடப்படவில்லை. 2019 இல் அப்போதைய ஜனாதிபதி நால்வரின் தூக்குக்கு ஒப்பமிட்டார். உயர் நீதிமன்றம் தடுத்திராவிட்டால் கதவு திறந்திருக்கும். ரொறன்ரோவில் இருந்து வாசிக்கும்போது 2267 உனக்கு அரசியலாகத் தெரிகிறது. இங்கிருந்து வாசிக்கும் எனக்கு அது உயிர் காக்கும் வரி.

அது வானத்திலிருந்து குதித்ததும் அல்ல. பாப்பரசர்களின் சொந்த ஆட்சிப் பகுதியிலேயே 1870 வரை தலைகள் விழுந்தன, உண்மை. ஆனால் 1995 இலேயே இரண்டாம் யோவான் பவுல், அந்தத் தண்டனை தேவைப்படும் சந்தர்ப்பம் அநேகமாக இல்லையென்றே எழுதிவிட்டார். இன்னும் பின்னால் போனால், தம்பியைக் கொன்ற காயினை எவரும் கொல்லாதபடி ஆண்டவரே அவன்மேல் அடையாளம் இட்டார்.

உள்ளே இருந்துகொண்டே மறுத்துப் பேச இடமில்லை என்று நினைக்காதே. 2023 டிசம்பரில் ஒரே பாலின இணையருக்கும் ஆசீர் வழங்கலாம் என்ற வத்திக்கான் ஆவணம் வந்தபோது நானும் அதைச் சீரணிக்கச் சிரமப்பட்டேன். இன்னும் சில கேள்விகள் எனக்கு இருக்கின்றன. அடுத்த மாதமே ஆபிரிக்க ஆயர்கள் தங்கள் நாடுகளில் அதைச் செய்வது பொருத்தமில்லை என்று வெளிப்படையாக எழுதினார்கள். அதே மடலில் பாப்பரசரோடு ஒன்றிப்பில் நிற்பதையும் எழுதினார்கள். நமது நாட்டுக் குருவானவர் திஸ்ஸ பாலசூரியவை 1997 சனவரியில் திருச்சபைக்குப் புறம்பாக்கினார்கள். எதிர்த்து வாதாடிய அவர் வேறு சபை தொடங்கவில்லை, மறு வருடமே தடை நீங்கியது. மறுப்பதென்றால் அவர்களைப் போல மறு.

நான் கேட்பது இரண்டு. அந்தச் சிற்றாலயத்துக்குப் போகும் முன், உனக்குப் பாவசங்கீர்த்தனம் கேட்கும் குருவானவரிடம் குரல்பதிவில் சொன்ன எல்லாவற்றையும் சொல். உன் கேள்விகளை ஆயருக்கும் எழுது, பெயர் போட்டு எழுது. அதுவரை உன் பங்குப் பூசைக்கே போய், லியோவின் பெயர் வரும் இடத்தில் நீயும் சேர்ந்து மன்றாடு. மனம் ஒப்பவில்லையென்றால், அவர் திருந்த வேண்டும் என்றாவது மன்றாடு, ஆனால் பெயரை விடாதே.

ஞாயிறு இரவு அழைப்பாய் என்று அம்மா எதிர்பார்க்கிறார். இதில் எதை ஏற்கவில்லை என்று அப்போது சொல், பேசுவோம்.

அன்புடன்,
அப்பா