கூரியர் அறுபது ரூபாய்

கோவில்பட்டி
புதன் இரவு

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் போன வாரமே வந்துவிட்டது. அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். அந்த அலைச்சலில் பதில் தள்ளிப்போனது. இப்போது நன்றாகத் தெரிகிறதாம். முதல் வேலையாக என் நரைமுடியைப் பார்த்துப் புலம்பினாள்.

சரி, சுங்குடிச் சேலையை ஆன்லைனில் விற்கப்போகிறேன், 'டெலிவரி இலவசம்' என்று போடலாமா என்று கேட்டிருந்தாய். நான் பட்டதைச் சொல்கிறேன்.

முதலில் அரைக் கிலோ கடலை மிட்டாய் 130 ரூபாய் என்று போட்டேன். முகவரியெல்லாம் நிரப்பி, பணம் கட்டப் போகும்போதுதான் கூரியர் 60 என்று காட்டும். பலர் அங்கேயே கழன்றுகொண்டார்கள். ஒரு அக்கா போனிலேயே பிடித்துக்கொண்டார்: "மிட்டாய் விலையில பாதி தூக்குகூலியா தம்பி?"

அப்புறம் அந்த அறுபதையும் விலைக்குள் தள்ளி, 190 ரூபாய், டெலிவரி இலவசம் என்று மாற்றினேன். அதே காசுதான் மாப்ளே! ஆர்டர் பிய்த்துக்கொண்டு போனது. இலவசம் என்ற சொல்லுக்குச் சட்டம் போட்ட நாடே இருக்கிறது. பிரான்சில் புத்தகத்துக்கு இலவச டெலிவரி கூடாது என்று 2014-இல் தடை வந்ததும், அமேசான் ஒரே ஒரு சென்ட் வாங்கிக்கொண்டு அனுப்பியது. விடுவார்களா? 2023 அக்டோபரிலிருந்து, 35 யூரோவுக்குக் குறைவாகப் புதுப் புத்தகம் வாங்கினால் டெலிவரிக்குக் குறைந்தது 3 யூரோ வாங்கியே ஆகவேண்டும். சின்னப் புத்தகக் கடைகள் பிழைக்கத்தான்.

எனக்கு ஆறு மாதம் கழித்துத்தான் உறைத்தது. மாதாமாதம் நான்கு பாக்கெட் வாங்கும் ஒரு டீச்சர் சத்தமில்லாமல் நின்றுபோனார். கூப்பிட்டுக் கேட்டேன். "நாலும் ஒரே பெட்டியிலதான வருது? நாலு தடவை கூரியர் காசு நான் ஏன் குடுக்கணும்?" என்றார். உட்கார்ந்து கணக்குப் போட்டேன். இரண்டு கிலோவுக்குக் கூரியர் 140. பழைய முறையில் 660 ஆகியிருக்கும். நான் வாங்கியது 760. டெல்லிக்கு ஒற்றைப் பாக்கெட் அனுப்ப எனக்கு 110 ஆகிறது, அந்த நஷ்டத்தை டீச்சர் தலையில் கட்டியிருக்கிறேன். வெட்கமாகிவிட்டது.

இப்போது பாக்கெட் 150. தமிழ்நாட்டுக்குள் கூரியர் 60, வெளியே 110, நான்கு வாங்கினால் கிடையாது என்று படத்துக்குக் கீழேயே எழுதிவிட்டேன். லாபம் கொஞ்சம் அடிபடுகிறது. ஒற்றைப் பாக்கெட் ஆர்டரும் படுத்துவிட்டது, போகட்டும். டீச்சர் திரும்பிவிட்டார்.

பொரி உருண்டை விற்றதை மட்டும் கேட்காதே. பெட்டியின் நீள, அகல, உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுத்து, அதையும் எடை என்று சொல்லிக் காசு வாங்குவார்கள் கூரியர்காரர்கள். 30, 25, 20 பெட்டிக்கு 3 கிலோ. உள்ளே இருப்பது முக்கால் கிலோ, மிச்சம் காற்று!

உனக்கு அந்தத் தொல்லை இல்லை. சேலை மடித்தால் ஒரு உறைக்குள் அடங்கும். 900 ரூபாயில் அறுபது கரைந்துவிடும், இலவசம் என்றே போடு. இரண்டு மூன்று சேலையாக எடுப்பவருக்கு மட்டும் விலையில் குறைத்துக்கொடு. நிறம் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினால் அந்தக் கூரியர் யார் செலவு என்பதையும் முதலிலேயே எழுதிவை. உன் தொழிலில் அடி அங்கேதான் விழும்.

அம்மா ஒரு அரக்கு நிறச் சேலை கேட்கிறாள். அனுப்பிவைக்காதே, தீபாவளிக்கு வரும்போது கையோடு கொண்டு வா.

அன்புடன்,
பாண்டி