வான்நோக்குச் சங்கச் செயலாளர் அறிக்கை: 2025

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

செயற்குழு நான்கு முறை கூடியது. தேசிய அறிவியல் நாளில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சூரியப் புள்ளிகளைக் காட்டினோம். ஐப்பசி, கார்த்திகையில் மழையால் நிகழ்ச்சி இல்லை.

மற்றபடி சங்கத்தின் வேலை என்றால், குடமுருட்டிக் கரையில் என் வீட்டு மாடியில் நடக்கும் வான்நோக்கு மாலைகள்தான். ஒரு நாளைக்கு எட்டுப் பேருக்கு மேல் ஏன் சேர்ப்பதில்லை என்று சிலருக்கு வருத்தம். நம் 8 அங்குல டாப்சோனியன் தொலைநோக்கியில் மோட்டார் கிடையாது. 120 மடங்கு பெரிதாக்கிப் பார்த்தால், பூமி சுற்றுகிற வேகத்தில் சனி ஒன்றரை நிமிடத்தில் பார்வையை விட்டுப் போய்விடும். ஒவ்வொருவருக்கும் நான் குழாயை நகர்த்தித் தர வேண்டும். இருட்டுக்குக் கண் பழகவே இருபது நிமிடம். ஒருவர் செல்போன் விளக்கைப் போட்டால் எட்டுப் பேருக்கும் மறுபடி முதலிலிருந்து.

மார்ச் 23 அன்று சனியின் வளையம் விளிம்பு மட்டும் நமக்குத் தெரியும்படி திரும்பியது. அதன் பிறகும் ஆண்டு முழுக்க மெல்லிய கோடுதான். செப்டம்பரில் வந்த பக்கத்துத் தெரு அம்மா, "பந்துல ஊசி கோத்த மாதிரி இருக்கே தம்பி" என்றார். அந்த ஒரு பேச்சுக்கே அன்று கண்விழித்தது தகும்.

செப்டம்பர் 7 முழுச் சந்திர கிரகணத்துக்குப் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர், வந்தவர்கள் மூவர். இரவு 11 மணியிலிருந்து 12.22 வரை நிலா செம்பாகச் சிவந்து கிடந்தது. வர முடியாதென்று ஒரு போன் செய்திருந்தால், இடமில்லை என்று நான் திருப்பியனுப்பிய கண்டியூர்ப் பிள்ளைகளைக் கூப்பிட்டிருப்பேன். கிரகண நேரத்தில் வெளியே போக வீட்டில் சம்மதிக்கவில்லை என்றால் அதையே சொல்லலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

தை மாதப் பனியில் ஐபீஸ் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸ்) பூத்துப்போக, ஓர் உறுப்பினர் மேல்துண்டால் துடைத்துவிட்டார். கீறல் விழுந்தது. பனி பூத்தால் துடைக்கவே கூடாது. ஹேர் டிரையரால் லேசாகச் சூடு காட்டினால் போதும். புது ஐபீஸ் என் கைக்காசு.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். வரவும் செலவும் ஏறக்குறையச் சரி. சந்தா பாதிப் பேருக்கு மேல் நிலுவை. தலைவருக்கும், பொருளாளருக்கும், நாங்கள் கேட்காமலே வாசல் விளக்கை அணைத்துவிடும் எதிர்வீட்டுக்காரருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு பற்றி. தொலைநோக்கியின் பெரிய கண்ணாடியில் அலுமினியப் பூச்சு மங்கிவிட்டது, சித்திரைக்குள் புதுப்பித்தாக வேண்டும். சித்திரை, வைகாசியில்தான் ஒமேகா சென்டாரி என்ற விண்மீன் கொத்து தெற்கே ஏறும். சுமார் ஒரு கோடி விண்மீன்கள். டில்லியில் அது 14 டிகிரிக்கு மேல் எழாது, நமக்கு 31 டிகிரி வரை வரும். தஞ்சாவூர் வெளிச்சம் அந்தத் திசையில்தான் இருக்கிறது என்பதால் மங்கின கண்ணாடியில் பலன் இராது. நிலுவை வந்தாலே பூச்சுக்குப் போதும்.

எனக்கும் முழங்கால் முன்போல் இல்லை. மாதத்தில் ஓரிரவாவது குழாயை நகர்த்தித் தர இன்னொருவர் வேண்டும். மாடிச் சாவிக்கு நகல் போட்டு வைத்திருக்கிறேன்.

செயலாளர்