கர்ட்டிஸ் மேஃபீல்டு மாலைக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு

சிகாகோ தமிழ் நண்பர்களுக்கும், அன்று நம்மோடு வந்து உட்கார்ந்த தெற்குச் சிகாகோ பெரியவர்களுக்கும் வணக்கம்.

கறுப்பின அமெரிக்கப் பாடகரும் பாடலாசிரியருமான கர்ட்டிஸ் மேஃபீல்டின் பாட்டுகளைக் கேட்டு, தமிழில் பேசிய மாலை நல்லபடியாக முடிந்தது. மைக்கைப் பிடித்துப் பேசியது நான்தான். ஆனால் பேசியதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் எனக்குக் கொடுத்தது. அதை எல்லோருக்கும் தெரியச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்த மடல். வர முடியாதவர்களுக்கும் விஷயம் போய்ச் சேரட்டும் என்று கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதல் நன்றி நூலக ஊழியர் அம்மையாருக்கு. பழைய இதழ்களைத் தேடி எடுத்துக் கொடுத்ததோடு நிற்காமல், "வீட்டைப் பார்க்காமல் ஆளைப் பற்றிப் பேசாதே" என்று என்னைக் கப்ரினி கிரீன் என்ற அரசுக் குடியிருப்புக்கு அனுப்பியவர் அவர். 1942 ஜூன் 3 அன்று இதே ஊரில் பிறந்தவர் மேஃபீல்டு. பதின்ம வயதில் குடும்பம் அந்தக் குடியிருப்புக்கு வந்தது. உயர்ந்த கட்டடங்களையெல்லாம் இடித்துவிட்டார்கள், கடைசிக் கட்டடம் 2011இல் போனது. பழைய வரிசை வீடுகளில் சில மட்டும் இன்னும் நிற்கின்றன. நம்மில் பலர் தினமும் அந்தப் பக்கமாக வேலைக்குப் போகிறோம். அங்கே வளர்ந்த ஒரு பையன், பள்ளிப்படிப்பைக்கூட முடிக்காமல், ஒரு தலைமுறைக்கே தலைநிமிரக் கற்றுக்கொடுத்தான் என்பது எனக்கு இத்தனை வருடம் தெரியாது.

அடுத்து, தேவாலயத்தில் ஆர்கன் வாசிக்கும் ஐயா. மேஃபீல்டின் பாட்டி ஒரு சிறிய ஆன்மிக சபையை நடத்திய போதகர். பேரன் பாடத் தொடங்கியது அங்கேதான். பின்னாளில் 'இம்ப்ரெஷன்ஸ்' குழுவில் கூடவே பாடிய ஜெர்ரி பட்லரும் சிறுவனாக அங்கே பாடியவர்தான். அந்தச் சபைப் பாட்டு எப்படி இருந்திருக்கும் என்று வாசித்துக் காட்டத்தான் ஐயா வந்தார். வந்தவர் எனக்கு ஒரு முடிச்சையும் அவிழ்த்துவிட்டார். மேஃபீல்டின் கிடாரை வேறு யாரும் எடுத்து வாசிக்க முடியாது என்பார்கள். காரணம், அவர் தானாகப் பழகியவர். முதலில் பழகியது பியானோவின் கறுப்புக் கட்டைகளில். கிடார் கைக்கு வந்தபோது அதன் தந்திகளையும் அந்தக் கட்டைகளுக்கே சேர்த்துவிட்டார். ஐயா அந்தக் கட்டைகளை ஒவ்வொன்றாக அழுத்திக் காட்டினார். பக்கத்தில் நின்ற நம்ம கிடார் தம்பி உடனே நம்ம ஊர் சுருதிக் கணக்கில் சொன்னான்: "அண்ணா, நாலரைக் கட்டை, ஆறரை, ஒன்றரை. எல்லாம் அரைக் கட்டை. நாலரையை சட்ஜமா வைச்சா ச, க, ப!"

அப்புறம் அவன் தன் கிடாரின் ஆறு தந்திகளையும் மெல்ல மெல்ல இறக்கி ஏற்றி ச க ப ச க ச என்று சேர்த்தான். இடது கையால் எதையும் அழுத்தவில்லை, வெறுமனே மீட்டினான். 'பீப்பிள் கெட் ரெடி' பாட்டில் வரும் அந்த இளகிய கிடார் ஒலியின் சாயல் அப்படியே வந்தது. ஐயா கண்ணை மூடிக்கொண்டார். தம்பி, அந்த ஒரு மீட்டலுக்காகவே உனக்குத் தனி நன்றி.

அந்தப் பாட்டு 1965இல் வந்தது. கறுப்பின மக்களின் உரிமைக்காக 1963இல் வாஷிங்டன் பேரணி நடந்து ஏறக்குறைய ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. சிவில் உரிமைப் போராட்டத்தில் தெருவில் இறங்கியவர்கள் பாடிய பாட்டுகளில் இதுவும் ஒன்றாகிவிட்டது. கோபக்குரலோ முழக்கமோ எதுவும் கிடையாது. உச்சத்தில் நிற்கும் அந்த மெல்லிய குரல், ரயில் வருகிறது, ஏறிக்கொள்ளுங்கள் என்று அழைக்கிறது, அவ்வளவுதான். சத்தம் போடாமலே உரிமை கேட்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

சத்தம் போடாவிட்டாலும் மேஃபீல்டின் பாட்டு சிலருக்கு உறுத்தியது. தெற்குச் சிகாகோவிலிருந்து வந்த அம்மா ஒருவர், தன் பெயர் வேண்டாம் என்றவர், 1968ஐப் பற்றிப் பேசினாரே, அதை வந்தவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். 'வி ஆர் எ வின்னர்' ('நாம் வெற்றியாளர்கள்') அந்த வருடம் கறுப்பின மக்களின் இசைப்பட்டியலில் முதலிடம் பிடித்த பாட்டு. ஆனாலும் பல வானொலிகள் அதைப் போட மறுத்தன. அம்மாவின் வீட்டில் டபிள்யூ.வி.ஓ.என். வானொலிதான் ஓடுமாம். அந்தப் பாட்டு வந்தால் அவருடைய தாயார் அடுக்களை ஜன்னலைத் திறந்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி வைப்பாராம். அதைச் சொல்லும்போது அம்மா நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அம்மா, நான் சேகரித்து வைத்திருந்த குறிப்புகள் எல்லாம் சேர்ந்தாலும் அந்த ஜன்னலுக்கு ஈடாகாது. உங்களுக்கு என் வணக்கம்.

தட்டுகளை நம்பிக் கொடுத்த பழைய இசைத்தட்டுக் கடைக்காரர் அண்ணனுக்கும் கடன்பட்டிருக்கிறேன். பாட்டு எழுதியவரிடமிருந்து உரிமையைச் சில டாலருக்கு எழுதி வாங்கிக்கொள்வது சகஜமாக இருந்த காலத்தில், மேஃபீல்டு இளைஞராக இருந்தபோதே தன் பாட்டுகளுக்குச் சொந்தப் பதிப்பு நிறுவனம் தொடங்கினார் என்பதை எனக்கு முதலில் சொன்னவர் இவர்தான். 1968இல் எடி தாமஸுடன் சேர்ந்து 'கர்ட்டம்' என்ற சொந்த இசைத்தட்டு நிறுவனமும் வந்தது. சுயமரியாதையைப் பாட்டில் மட்டும் எழுதாமல் கணக்குப் புத்தகத்திலும் எழுதிய மனிதர். அதனால்தான் அவர்மேல் எனக்கு இத்தனை மதிப்பு.

'சூப்பர் ஃப்ளை' பற்றி எழுந்த விவாதத்துக்காக இளைஞர் குழுவுக்கு நன்றி. போதைப்பொருள் விற்பவனைக் கதாநாயகனாக்கிய படத்துக்கு இவர் எப்படி இசையமைக்கலாம் என்று கேட்டீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். படம் கொக்கைனுக்கு விளம்பரம் மாதிரி இருந்தது என்று அவரே சொல்லியிருக்கிறார். அதற்குப் பதிலைத்தான் 1972இல் வந்த அந்த ஆல்பத்தில் எழுதிவைத்தார். படத்தில் போகிற போக்கில் செத்துப்போகிற ஃப்ரெடிக்காக ஒருவர் நின்று அழுகிறார் என்றால் அது 'ஃப்ரெடீஸ் டெட்' பாட்டில்தான். படத்தில் அதன் இசை மட்டும்தான் வருகிறது, வரிகள் வரவில்லை. அதனால் ஆஸ்கர் போட்டிக்குத் தகுதி இல்லை என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் ஆல்பம் நான்கு வாரம் அமெரிக்காவின் பில்போர்டு இசைப்பட்டியலில் முதலிடத்தில் நின்றது. படத்தைவிட ஆல்பம் அதிகம் சம்பாதித்தது. என்னைக் கேட்டால், படத்தை மறந்துவிட்டுப் பாட்டை மட்டும் கேட்கலாம்.

இனி நம்ம நர்ஸ் அக்கா. 1990 ஆகஸ்ட் 13, புரூக்ளினில் திறந்தவெளிக் கச்சேரி. மேஃபீல்டு மேடை ஏறுகிறார். ஒரு ஸ்வரம்கூட வாசிப்பதற்குள் பலத்த காற்றில் விளக்குச் சாரம் சரிந்து அவர்மேல் விழுந்தது. கழுத்துக்குக் கீழே எல்லாம் செயலிழந்தது. கிடார் அதோடு போயிற்று. ஆனால் 1996இல் 'நியூ வேர்ல்ட் ஆர்டர்' என்ற முழு ஆல்பத்தைப் பாடி வெளியிட்டார். படுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரியாக. படுத்தால் எப்படிப் பாட முடியும் என்று எனக்கு விளங்கவே இல்லை. அக்கா தன் கையை வயிற்றில் வைத்துக் காட்டி விளக்கினார்: கழுத்துத் தண்டுவடம் அடிபட்டால் விலாத் தசையும் வயிற்றுத் தசையும் கைவிட்டுவிடும், உதரவிதானம் ஒன்றுதான் மிச்சம். உட்கார வைத்தால் குடல் கீழே சரிந்து உதரவிதானமும் தாழ்ந்துவிடும், இழுக்க இடம் இருக்காது. படுக்க வைத்தால் வயிறு அதை மேலே தள்ளும், கொஞ்சம் கூடுதலாகக் காற்று ஏறும். அந்தக் கூடுதல் காற்றில்தான் அவர் பாடினார். இதைக் கேட்ட பிறகு அந்த ஆல்பத்தைப் போட்டபோது, ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் அரங்கமே அவருக்காக மூச்சு இழுத்தது போல இருந்தது எனக்கு. இரவுப் பணி முடித்துத் தூங்காமல் வந்து சொல்லிக்கொடுத்தீர்கள் அக்கா, மிக்க நன்றி.

அந்த ஆல்பத்தில் அரீத்தா ஃபிராங்க்ளினும் வந்து கூடப் பாடினார். வீட்டில் பார்த்துக்கொண்டவர் மனைவி ஆல்தீடா. 1999 டிசம்பர் 26 அன்று ஜார்ஜியாவில் மேஃபீல்டு காலமானார். அதே வருடம்தான் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் தனிப்பாடகராக அவர் பெயர் ஏறியிருந்தது.

ஒலி பார்த்துக்கொண்ட இரண்டு தம்பிகள், சுண்டலும் காபியும் கொண்டுவந்த அத்தைமார், கடைசிவரை இருந்து நாற்காலி மடக்கியவர்கள், மழலைகளை வெளியே விளையாட வைத்துக்கொண்ட தாத்தா, எல்லோருக்கும் நன்றி.

பின்வரிசையில் இருந்த ஒன்பதாம் வகுப்புப் பையன், எதிலிருந்து கேட்கத் தொடங்கலாம் என்று கேட்டான். அன்று நேரமாகிவிட்டதால் சரியாகச் சொல்ல முடியவில்லை. தம்பி, 'கர்ட்டிஸ் லைவ்' ஆல்பத்திலிருந்து தொடங்கு. 1971 ஜனவரி, நியூயார்க்கில் 'பிட்டர் எண்ட்' என்ற சின்ன அரங்கம், கூட வாசித்தவர்கள் நான்கே பேர். 'வி ஆர் எ வின்னர்' அதில் இருக்கிறது. அந்தப் பாட்டை வானொலிகள் போடத் தயங்கியதை அவரே நடுவில் நின்று பேசுகிறார், கேட்பவர்கள் பதில் குரல் கொடுக்கிறார்கள். கேட்டுவிட்டு எனக்கு எழுது.

அன்புடன்,
மாலையை ஒருங்கிணைத்தவன்,
சிகாகோ