ஏற்றி அனுப்பிய காருக்கு யார் பொறுப்பு? சாலைப் போக்குவரத்து அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மத்திய சாலைப் போக்குவரத்து, நெடுஞ்சாலைகள் அமைச்சகத்தின் மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு வணக்கம்.

டெல்லியில் ஒன்பது ஆண்டுகள் வேலை பார்த்துவிட்டு, கடந்த ஆண்டு குடும்பத்தோடு சென்னைக்குத் திரும்பினேன். ஏறத்தாழ 2,200 கிலோமீட்டர் தொலைவைக் கைக்குழந்தையோடும் வயதான தாயாரோடும் காரிலேயே கடக்க இயலாது என்பதால், வண்டியை ஏற்றி அனுப்ப ஒரு நிறுவனத்திடம் 24,000 ரூபாய் கொடுத்தேன். மூடிய கன்டெய்னரில் ஏற்றி, பத்து நாளில் வீட்டு வாசலில் இறக்குவதாகச் சொன்னார்கள். வண்டி வந்து சேர 23 நாள் ஆயிற்று. ஒப்படைத்த அன்று ஓடோமீட்டரைப் படம் எடுத்து வைத்திருந்தேன். வந்து நின்றபோது அதில் 640 கிலோமீட்டர் கூடியிருந்தது.

பெரிய ட்ரெய்லர்கள் பகலில் நகருக்குள் நுழைய முடியாது என்பதையும், புறநகரில் வண்டியை இறக்கி ஓட்டுநர் ஒருவர் வீடுவரை ஓட்டி வருவது இத்தொழிலின் வழக்கம் என்பதையும் அறிவேன். முப்பது, நாற்பது கிலோமீட்டர் கூடியிருந்தால் இந்த மடலை எழுதியிருக்க மாட்டேன். 640 கிலோமீட்டர் என்பது யாரோ ஒருவர் என் வண்டியை மாநிலம் விட்டு மாநிலம் ஓட்டி வந்திருக்கிறார் என்பதைக் காட்டுகிறது. அந்தத் தொலைவில் அவர் யார் மீதாவது மோதியிருந்தால், ஆர்.சி.யில் உள்ள என் பெயருக்கே இழப்பீட்டு வழக்கின் நோட்டீஸ் வந்திருக்கும். இதை எண்ணிப் பார்த்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை.

விளக்கம் கேட்டபோது, தாங்கள் ஏற்பாட்டாளர் மட்டுமே என்றும், வண்டியை ஏற்றியவர் வேறொரு ட்ரெய்லர் உரிமையாளர் என்றும் பணம் வாங்கிய நிறுவனம் சொன்னது. அந்த உரிமையாளரின் பெயர் என் கையில் இருந்த எந்தத் தாளிலும் இல்லை.

இதற்கான சட்டம் இல்லாமல் இல்லை என்பதுதான் என்னை இம்மடல் எழுத வைத்தது. 1865-ஆம் ஆண்டின் பழைய சட்டத்தை நீக்கிவிட்டுக் கொண்டுவரப்பட்ட சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007, சரக்கை ஏற்றிச் செல்பவரை மட்டுமல்லாமல், முன்பதிவு செய்யும் நிறுவனம், முகவர், தரகர் ஆகியோரையும் பொதுச் சரக்கு ஏற்றுநர் என்ற வரையறைக்குள் சேர்த்திருக்கிறது. பதிவுச் சான்று பெறாமல் எவரும் இத்தொழிலைச் செய்யக் கூடாது என்று 3-ஆம் பிரிவு சொல்கிறது. ஆகவே "நாங்கள் வெறும் ஏற்பாட்டாளர்" என்ற விடை சட்டத்தின் முன் நிற்காது. ஆனால் பணம் கட்டும் நாளில் வாடிக்கையாளருக்கு இதை யார் சொல்கிறார்கள்?

அதே சட்டத்தின்படி, அனுப்புபவர் சரக்கின் மதிப்பை எழுதிக் கொடுக்கும் படிவம் ஒன்று உண்டு. ஏற்றுபவர் தர வேண்டிய சரக்கு ரசீதும் உண்டு. எனக்கு இரண்டும் தரப்படவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு விலைப்பட்டியல் மட்டும் வந்தது. 2011-ஆம் ஆண்டு விதிகளின்படி, கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டு உயர் பொறுப்பை, அதாவது வழக்கமான வரம்புக்கு மேலும் ஏற்றுபவர் ஈடு தரும் ஏற்பாட்டை, கேட்டுப் பெறாதவருக்கு, இழப்பு நேர்ந்தால் கிடைக்கக்கூடியது கொடுத்த வாடகையைப் போலப் பத்து மடங்குதான். என் கணக்கில் அது 2,40,000 ரூபாய். காப்பீட்டுப் பத்திரத்தில் என் காரின் மதிப்போ 5,60,000 ரூபாய். கதவில் விழும் நசுங்கலுக்கு அந்த வரம்பு போதும். வண்டியே காணாமல் போனால் போதாது. மேலும், வழக்குத் தொடர விரும்புபவர் எழுத்து வடிவ அறிவிப்பை 180 நாட்களுக்குள் கொடுத்தாக வேண்டும். அந்த நாட்கள் வண்டி கைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, முன்பதிவு செய்த நாளிலிருந்தே எண்ணப்படுகின்றன. தொலைபேசியில் சமாதானம் கேட்டுக்கொண்டே மாதங்களைக் கழிக்கும் எளிய மனிதர், தம் உரிமை கரைந்துகொண்டிருப்பதை அறிவதேயில்லை.

காப்பீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். வழிப்பயணக் காப்பீடு என்று என்னிடம் தனியாக 9,000 ரூபாய் வாங்கினார்கள். எந்தக் காப்பீட்டு நிறுவனம், பாலிசி எண் என்ன என்று கேட்டபோது பதில் இல்லை. தனியார் காருக்கான முழுமைக் காப்பீட்டுப் பாலிசியில், வண்டி சாலை வழியாகவோ ரயில் வழியாகவோ ஏற்றிச் செல்லப்படும்போது நேரும் சேதமும் அடங்கும் என்பதை நான் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவருக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. முழுமைக் காப்பீடு உள்ளவரும் அதில் இழப்பீடு கோரினால், கோரிக்கையற்ற ஆண்டுகளுக்கான தள்ளுபடியை இழக்க நேரிடும். ஆகவே தனிக் காப்பீடு எடுப்பதில் பொருள் இருக்கலாம். ஆனால் அது உண்மையான பாலிசியாக இருக்க வேண்டும். ரசீதில் ஒரு வரியாக இருந்தால் போதாது.

நான் கேட்பது புதிய சட்டம் அன்று. கார் ஏற்றுவோர் தரும் முதல் விலைப்பட்டியலிலேயே 2007-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் பெற்ற பதிவெண் இருக்க வேண்டும் என்றும், அந்த எண்ணை அனுப்புபவர் தம் அலைபேசியிலேயே சரிபார்த்துக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்றும் மாநிலப் போக்குவரத்து ஆணையங்களுக்கு அறிவுறுத்துங்கள். கார்களுக்கெனத் தனி ரசீதுப் படிவம் ஒன்றை வகுத்து, ஓடோமீட்டர் அளவு, எரிபொருள் அளவு, ஏற்கெனவே உள்ள கீறல்கள், வண்டியின் மதிப்பு, ஏற்றிச் செல்லும் ட்ரெய்லரின் எண், அது மூடியதா திறந்ததா என்பது ஆகியவற்றை இரு தரப்பும் கையெழுத்திட்டுப் பதியச் செய்யுங்கள். பத்து மடங்கு வரம்பும் 180 நாள் கெடுவும் அதே தாளில், அனுப்புபவருக்குத் தெரிந்த மொழியில் அச்சாகட்டும். பாலிசி எண் தராமல் காப்பீட்டுக் கட்டணம் வசூலிப்பதைத் தடுக்க, காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தோடு கலந்து பேசுங்கள்.

வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோன வண்டி 12 மாதங்களுக்கு மேல் அங்கேயே இருந்தால் புதிய பதிவெண் பெற வேண்டும் என்பதால், தடையில்லாச் சான்று முதல் சாலை வரி வரை ஒவ்வொரு தாளையும் உரிமையாளரிடம் கேட்டு வாங்கிச் சரிபார்க்கிறீர்கள். நானும் அனைத்தையும் கொடுத்துவிட்டேன். அந்த வண்டியை ஏற்றி வந்தவரிடமும் ஒரு தாளைக் கேளுங்கள்.

இப்படிக்கு,
சென்னைக்குத் திரும்பிய ஒரு கார் உரிமையாளர்