64 படிகள்: அக்காவுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அக்காவுக்கு,

கடைசி மாத்திரையை விழுங்கி நேற்றோடு ஒரு வருடம் நிறைந்தது. ஜிம்மில் சேர்ந்து இன்றோடு 19 நாட்கள் ஆகின்றன. நீ என்னோடு பேசாமல் இருப்பதும் அதே 19 நாட்கள்தான். போன் செய்தால் மாமா எடுக்கிறார், நீ அடுப்படியில் வேலையாக இருப்பதாகச் சொல்கிறார். நேரில் சொல்ல வாய்க்காததை இங்கே எழுதுகிறேன். மாமா உனக்குப் படித்துக் காட்டுவார் என்று தெரியும்.

இதை நம் உறவினர்களும், தேயிலைத் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்ப்பவர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் நான் நின்று நிதானித்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது. நீ ஊராரிடம் நெஞ்சுச் சளி என்று சொல்லி வந்ததன் பெயரை முதலில் எழுதிவிடுகிறேன். எனக்கு வந்தது காசநோய். நீ ஏன் மறைத்தாய் என்பதை எழுத மாட்டேன். அதில் இன்னொருவரின் வாழ்க்கை அடங்கியிருந்தது, அந்தக் காரியம் நல்லபடியாக முடிந்த பிறகுதான் நான் இந்தச் சொல்லை வெளியே எடுக்கிறேன் என்பது உனக்குப் புரியும். மறைத்ததில் நியாயம் இருந்ததென்று ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பதினொரு மாதங்கள் என் நோயின் பெயரை நானே வாய்விட்டுச் சொல்ல முடியாமல் உன் வீட்டு உள்ளறையில் கிடந்தேன் என்பதை நீயும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஜிம்மில் சேருவதற்கு ஒரு படிவம் கொடுத்தார்கள். முன்பு வந்த நோய்கள் என்று அச்சிட்டிருந்த கோட்டில் காசநோய் என்றும், அதற்குப் பக்கத்தில் மாத்திரையால் வந்த மஞ்சள் காமாலை என்றும் எழுதினேன். அந்தச் சொற்களை என் கையெழுத்தில் நான் பார்ப்பது அதுதான் முதல் முறை. மாஸ்டருக்கு இருபத்தைந்து வயதுதான் இருக்கும். மாத்திரை முழுவதும் முடித்துவிட்டீர்களா, டாக்டர் கடிதம் இருக்கிறதா, கல்லீரல் பரிசோதனை சரியாக வந்ததா என்று மூன்று கேள்விகள் கேட்டார். டாக்டரின் கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, நாளைக் காலை ஆறு மணிக்குப் பெண்களுக்கான நேரத்தில் வரச் சொன்னார். தண்ணீர் பாட்டிலும் துண்டும் எடுத்து வரச் சொன்னார். வேறு எதுவும் நடக்கவில்லை, அக்கா. நாம் இருவரும் இத்தனை மாதங்களாக அஞ்சிய ஒன்று அந்த மேசையின் மீது நடக்கவே இல்லை.

உன்னிடம் சொன்னபோது, ‘இவ்வளவு பாடுபட்டுப் பொழைக்க வச்சது நீ இரும்பைத் தூக்கிச் சாகவா?’ என்று கேட்டாய். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முயலும்போதெல்லாம் எனக்கு உன் வீட்டுப் படிகள்தாம் நினைவுக்கு வருகின்றன.

ஆறாவது வாரத்தில் கண் மஞ்சளாகி, கல்லீரலைத் தாக்கக்கூடிய மாத்திரைகளை எல்லாம் நிறுத்திவிட்டு, பிறகு ஒவ்வொன்றாகத் திரும்பத் தொடங்கலாம் என்று சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய மாலை அது. ஐப்பசி மழை விட்டிருந்தது. மூட்டம் இறங்கி, கீழே கடைத்தெரு விளக்குகள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன. ஆட்டோ சாலையோடு நின்றுவிட்டது. அங்கிருந்து உன் வீட்டுக்கு 64 படிகள். நான் ஐந்தாவது படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ கையிலிருந்த பையைத் தோளில் மாட்டினாய், முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாய், எனக்கு முதுகைக் காட்டிக் குந்தி உட்கார்ந்து, ‘ஏறுடி’ என்றாய். உனக்கு அப்போது 52 வயது. என் எடை 37 கிலோ. தினமும் இலை மூட்டைகளின் எடையைக் குறிக்கிற எனக்கு 37 கிலோ என்றால் என்ன என்று தெரியும். அந்த எடையை முதுகில் ஏற்றிக்கொண்டு மேடேறும் ஆண்களே நடுவில் ஒருமுறை இறக்கி வைத்துத்தான் மூச்சு வாங்குவார்கள். நீ இறக்கவில்லை. இருபது படிகளுக்கு ஒருமுறை சுவரில் கையை ஊன்றி நின்றாய், என் கால்களைப் பிடித்திருந்த மற்றொரு கையின் பிடியை மட்டும் மாற்றிக்கொண்டாய்.

என் கன்னம் உன் ஸ்வெட்டரின் கழுத்தில் பதிந்திருந்தது. தேங்காய் எண்ணெயும் விறகுப் புகையும் ஈரக் கம்பளியும் கலந்த அந்த வாசனைக்குள் நான் சிறு பிள்ளையாகிவிட்டேன். படிகள் முடியாமலேயே இருந்தால் நன்றாயிருக்கும் என்றுகூட அப்போது நினைத்தேன். நாற்பதாவது படிக்கு மேலே எதிரில் ஒருவர் இறங்கி வந்தார். அவர் யார் என்பதை இங்கே எழுதப்போவதில்லை. என்ன ஆயிற்று என்று கேட்டார். நீ தலை நிமிராமலேயே, ‘கால் சுளுக்கிடுச்சு’ என்றாய். அவர் என் காலைப் பார்த்தார். நான் வலது பாதத்தை உள்பக்கமாக மடக்கிக்கொண்டேன், உண்மையிலேயே சுளுக்கியவளைப் போல. அவர் போன பிறகும் மிச்சமிருந்த படிகள் முழுவதும் அந்தப் பாதத்தை நான் நிமிர்த்தவில்லை. உயிரைப் பிடித்துக்கொண்டு என்னைச் சுமந்த அதே நேரத்தில், நான் வெளியே சொல்லத் தகாதவள் என்பதையும் நீ எனக்குச் சொல்லிவிட்டாய். அதை இதுவரை உன்னிடம் கேட்டதில்லை. கேட்டால் நன்றி கெட்டவள் ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

நான் உன்னிடம் மன்னிப்புக் கேட்க வேண்டியதும் அதே படிகளில்தான் இருக்கிறது. என் முகக்கவசம் தாடைக்கு இறங்கிவிட்டிருந்தது. சளிப் பரிசோதனையின் முடிவு அப்போது வந்திருக்கவில்லை. இந்த நோய் காற்றில் பரவுவது, தட்டிலும் டம்ளரிலும் பரவுவதில்லை என்று ஆஸ்பத்திரியில் எனக்குத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். தெரிந்தும் உன் காதோரத்தில் மூச்சு விட்டுக்கொண்டே வந்தேன். கையை எடுத்துக் கவசத்தை ஏற்றினால் விழுந்துவிடுவேன் என்று தோன்றியது, அதனால் ஏற்றவில்லை. உன் எக்ஸ்ரே தெளிவாக இருக்கிறது என்று மாமா வந்து சொன்ன அன்று இரவுதான் நான் தூங்கினேன். என்னை மன்னித்துவிடு, அக்கா.

ஆனால் மூச்சுக்கு அஞ்சாத நீ தட்டுக்கு அஞ்சினாயே! விளிம்பு நசுங்கிய அந்த எவர்சில்வர் தட்டு இன்னும் உன் அடுப்படியில் தனியாகக் கவிழ்ந்திருக்கிறது. சளியில் கிருமி இல்லை என்று வந்து, சிகிச்சையும் முடிந்த பிறகு வந்த தீபாவளிக்கும் எனக்கு அதில்தான் இட்லி வைத்தாய். கூட உட்கார்ந்திருந்தவர்கள் முன்னால் அதை எடுத்துச் சாப்பிட்டேன்.

அம்மாவைப் பற்றி இங்கே எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். உன் அச்சம் அங்கிருந்து வருவதால் எழுதாமல் இருக்க முடியவில்லை. அம்மாவுக்கும் இதே நோய்தான். படுக்கையை விட்டு எழுந்து தேயிலைக் கொழுந்து எடுக்கப் போனதால்தான் அம்மா செத்துப்போனாள் என்று நீ நம்புகிறாய். முதல் இரண்டு மாத மாத்திரையில் இருமலும் காய்ச்சலும் அடங்கிவிடும், கிருமி முழுவதும் சாவதற்கு அதற்குப் பிறகும் மாதக்கணக்கில் விழுங்க வேண்டும். அம்மா மாத்திரைகளைப் போட்டு வைத்திருந்த அந்தப் பவுடர் டப்பாவைத் திறந்தவள் நீதான், நானும் பக்கத்தில் நின்றேன். அதில் எவ்வளவு மாத்திரை மிச்சமிருந்தது என்று நாம் இருவரும் பார்த்தோம். அம்மாவின் உயிரைக் குடித்தது வேலை இல்லை.

நம்முடைய மாநிலத்திலேயே இதைச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். சென்னையில் 1956-இல் தொடங்கிய காசநோய்ச் சிகிச்சை ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவமனையிலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து, இரு தரப்புக்கும் ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தது. சானடோரியத்தில் நல்ல சாப்பாடும் முழு ஓய்வும் இருந்தன; வீட்டில் இருந்தவர்களுக்குச் சாப்பாடு குறைவு, இடமும் நெருக்கடி, ஓய்வும் அவ்வளவாக இல்லை. 1959-இல் முடிவு வெளிவந்தபோது இரு தரப்பினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமாகியிருந்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பத்தாருக்குக் கூடுதலாக நோய் தொற்றவில்லை என்பதும் பிறகு தெரிந்தது. ஏழைகளுக்குப் படுக்கை கிடைக்காத நாட்டில் வீட்டிலேயே வைத்தியம் பார்க்கலாம் என்று உலகத்துக்குக் காட்டிய ஆய்வு அது. நீ எனக்குச் செய்த வைத்தியமும் அதுதான். என்னைக் குணமாக்கியவை மாத்திரைகளும், அவற்றை ஒருநாள் தவறாமல் விழுங்க வைத்த உன் அதட்டலும். படுத்தே கிடந்ததால் போனது என் தசை.

வலது நுரையீரலின் மேல்பகுதியில் வடு இருக்கிறது, அது போகாது. குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரம். இங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்குதான், ஆகவே இழுக்கும் ஒவ்வொரு மூச்சிலும் பிராணவாயு அந்த அளவுக்குக் குறைவு. ஆனால் காலில் தசை பலப்பட்டால் அதே மேட்டை ஏறுவதற்கு முன்பைவிடக் குறைந்த மூச்சு போதும் என்று டாக்டர் விளக்கினார். நான் ஜிம்முக்குப் போவது இதற்காகத்தான். முதல் நாள் கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, 30 விநாடிகளில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்று மாஸ்டர் எண்ணினார். ஏழு முறை. எட்டாவது முறை தொடை நடுங்கி நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன். நேற்று பதினொன்று. ட்ரெட்மில்லில் நடக்கும்போது பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியாத அளவுக்கு மூச்சு வாங்க வேண்டும், அதற்கு மேல் வேகம் வேண்டாம் என்பது அவர் எனக்கு வைத்திருக்கும் கணக்கு. டம்பெல் கைக்கு 2 கிலோ. நீ பயப்படும் இரும்பு அவ்வளவுதான்.

அந்த மழை நாளிலிருந்துதான் உன் வலது முழங்கால் வீங்குகிறது என்று மாமா போன வாரம் சொன்னார். நீ ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நான் அழுதிருப்பேன் என்பதற்காக மறைத்தாயா, இதையும் மறைத்துத்தான் பழக்கமா என்று எனக்குக் கோபம் வந்தது. பிறகு தைலம் வாங்கி மாமாவிடம் கொடுத்தனுப்பினேன். தேய்த்துக்கொள். அடுத்த மாதம் நான் அந்தப் படிகளில் ஏறி வருவேன், எத்தனை முறை உட்கார்ந்தாலும் பரவாயில்லை. எனக்கு வேறு தட்டில் சாப்பாடு போடு.

அந்தப் படிவத்தின் கடைசியில் ஒரு கட்டம் இருந்தது. அவசரம் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும் என்பதற்கான இடம். உன் பெயரையும் எண்ணையும் எழுதி, உறவு என்ற இடத்தில் அக்கா என்று எழுதினேன். உன்னைக் கேட்காமல் எழுதியது தவறுதான். வேறு யாருடைய எண்ணும் எனக்கு மனப்பாடமாகத் தெரியாது. அங்கிருந்து எப்போதாவது போன் வந்தால், மாமாவிடம் கொடுக்காமல் நீயே எடு.

உன் தங்கை