முதலில் டயரைத் தடவிப் பாருங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

டயர் சீராகத் தேயாவிட்டால் உடனே வீல் அலைன்மென்ட் (சக்கரங்களின் கோணத்தைச் சரிசெய்யும் வேலை) செய்துகொள்ளுமாறு உங்கள் வாகனப் பக்கத்தில் எழுதியிருந்தீர்கள். அலைன்மென்ட் கருவியோடு பல ஆண்டுகள் மல்லுக்கட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: அது பாதி உண்மைதான்.

டயரில் தரையைத் தொடும் வரிப்பகுதியைத்தான் பட்டன் என்கிறோம். அதன் நடுப்பகுதி மட்டும் தேய்ந்திருந்தால் காற்று அதிகம். இரண்டு ஓரமும் தேய்ந்து நடு மட்டும் நின்றால் காற்று குறைவு. இதற்கு அலைன்மென்ட் எதற்கு? வண்டி ஓடிச் சூடாகும் முன், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் அளவுப்படி காற்றைச் சரிபார்த்தால் போதும். டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அதைப் பார்த்துக் காற்றடிப்பவர்களிடம் பேசிப் பேசி என் தொண்டைதான் வறண்டது.

ஒரே ஓரம் தேய்ந்திருந்தால்தான் சக்கரக் கோணத்தைச் சந்தேகிக்க வேண்டும். உள் ஓரம் வெளியிலிருந்து தெரியாது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்துவிட்டு, குனிந்து பாருங்கள். டயருக்குள்ளிருந்து கம்பி எதுவும் துருத்தவில்லை என்று உறுதி செய்துகொண்டு, உள்ளங்கையைப் பட்டனின் குறுக்கே ஓட்டுங்கள். ஒரு திசையில் வழுக்கிப் போகும் கை, திரும்பி வரும்போது ரம்பப் பல்லில் பட்டதுபோல் இடறினால் பெரும்பாலும் டோ அளவுதான் (சக்கரத்தின் முன்பக்கம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) கோளாறு. இடறல் இல்லாமல் ஓரம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தால் கேம்பரை (சக்கரத்தின் மேல்பக்கம் உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருக்கும் கோணம்) பார்க்கச் சொல்லுங்கள். சுற்றிலும் மேடும் பள்ளமுமாகத் தட்டுப்பட்டால் ஷாக் அப்சார்பர் ஓய்ந்திருக்கலாம், வீல் பேலன்ஸ் (சக்கரத்தின் எடைச் சமநிலை) தவறியிருக்கலாம்.

உங்கள் கட்டுரை தொடாத இடம் ஒன்று உண்டு. சமதளத்தில் கைப்பிரேக் போட்டு, முன்சக்கரத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கடிகாரத்தில் 9, 3 இருக்கும் இடங்களில் பிடித்து ஆட்டும்போது லொடலொடத்தால், ஸ்டீயரிங் திருப்பலைச் சக்கரத்துக்குக் கடத்தும் டை ராடு முனை தேய்ந்திருக்கும். 12, 6 இருக்கும் இடங்களில் ஆடினால், சக்கரம் சுழலும் பேரிங் அல்லது சக்கரத்தைச் சஸ்பென்ஷனோடு இணைக்கும் பால் ஜாயின்ட் தேய்ந்திருக்கும். இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு செய்யும் அலைன்மென்ட், திரையில் எல்லாம் பச்சையாகக் காட்டினாலும் அடுத்த பெரிய பள்ளம் வரைக்கும்தான். பில் போடும் அவசரத்தில் இதைச் சோதிக்காமல் வண்டியை மேடையில் ஏற்றுபவர்கள் என் தொழிலிலேயே ஏராளம்.

வண்டி ஒரு பக்கம் இழுத்தாலும் உடனே கோணத்தில் கைவைக்க வேண்டாம். சுழலும் திசை குறித்த டயராக இல்லாவிட்டால், முன்டயர்களை இடம் வலமாக மாற்றி ஓட்டுங்கள். இழுப்பும் பக்கம் மாறினால் குற்றவாளி டயர்தான்.

டயர் பட்டனின் பள்ளத்துக்குள் குறுக்கே தெரியும் சிறு மேட்டின் உயரம் பொதுவாக 1.6 மி.மீ. பட்டன் அந்த மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால், உள் ஓரத்தில் மட்டும் என்றாலும், டயரை மாற்றியாக வேண்டும்.

அடுத்த முறை அலைன்மென்ட் பற்றி எழுதும்போது, வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை அச்சிட்டுக் கேட்டு வாங்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர்